வேகம் கூட்டிய கணினியும் பழைய கேசட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கணினியை ஓவர்கிளாக் செய்துவிட்டால், அதாவது செயலியைத் தொழிற்சாலை வைத்த வேகத்துக்கு மேல் ஓட்டினால், வி.எச்.எஸ். கேசட்டுகளைக் கணினியில் பதிவு செய்யும்போது ஃபிரேம்கள் (தொடர்ந்து ஓடும் தனித்தனிப் படங்கள்) விடுபடாது என்றும், பதிவான படத்தைச் சுருக்கும் நேரமும் குறையும் என்றும் தங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் அண்மையில் ஒரு கட்டுரை வெளியாகியிருந்தது. வேலூரில் என் வீட்டு மாடியறையில், பழைய திருமண கேசட்டுகளைக் கோப்புகளாக மாற்றித் தரும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். அந்தக் கட்டுரையின் இரண்டாவது பாதி சரி. முதல் பாதியில் உள்ள அதே எண்ணத்தை நம்பித்தான் நானும் முன்பு ஒரு முறை கெட்டேன் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கேசட் ஓடுகிற ஓட்டத்திலேயே படத்தை வாங்கி வன்தட்டில் எழுதுவது ஒரு வேலை. எழுதி வைத்த கோப்பைப் பிறகு ஆற அமர எச்.264 வடிவத்திற்குச் சுருக்குவது வேறொரு வேலை. கட்டுரை இவ்விரண்டையும் ஒன்றாகக் கட்டிவிட்டது. நம் நாட்டில் வழங்கிய பி.ஏ.எல். முறையில் நொடிக்கு 25 ஃபிரேம்கள். ஒவ்வொன்றிலும் 720க்கு 576 புள்ளிகள். புள்ளிக்கு 2 பைட் என்று கணக்கிட்டால், எந்தச் சுருக்கமும் இல்லாமல் எழுதினாலும் நொடிக்கு 20.7 மெகாபைட்தான் வருகிறது. மணிக்கு ஏறத்தாழ 75 ஜிகாபைட் என்பது பெரிய கோப்புதான் என்றாலும், சாதாரண வன்தட்டு இந்த வேகத்தில் எழுதச் சிரமப்படுவதில்லை. தரம் இழக்காமல் சுருக்கும் ஹஃப்யுவி போன்ற முறையைப் பயன்படுத்தினால் அளவு ஏறக்குறைய பாதியாகும். அந்தச் சுருக்கத்தை 2000-களின் தொடக்கத்தில் வந்த கணினிகளே கேசட்டின் ஓட்டத்தோடு ஓட்டமாகச் செய்துகொண்டிருந்தன. என்னிடம் இருப்பது 2007இல் வெளிவந்த கோர் 2 குவாட் கியூ6600 செயலி. கேசட்டைப் பதிவு செய்யும்போது அது பெரும்பாலும் சும்மாதான் இருக்கிறது.

அப்படியென்றால் ஃபிரேம்கள் ஏன் விடுபடுகின்றன? விண்டோஸ் இருக்கும் அதே வன்தட்டில் படத்தையும் எழுதுவது, பதிவு நடக்கும்போது வைரஸ் தடுப்பு மென்பொருள் விழித்துக்கொண்டு எல்லாக் கோப்புகளையும் துழாவுவது, வி.சி.ஆரின் படத்தைக் கணினிக்குள் வாங்கும் கேப்சர் கருவியும் வெளி வன்தட்டும் ஒரே யு.எஸ்.பி. ஹப்பில் இடித்துக்கொண்டு நிற்பது ஆகியவை நான் அடிக்கடி கண்ட காரணங்கள். இவற்றைவிடப் பெரிய காரணம் கேசட்டே. முப்பது ஆண்டு பீரோவில் கிடந்து பூஞ்சை பிடித்த நாடாவிலிருந்து வரும் சிக்னலில் ஒவ்வொரு வரியும் தன் இடத்தில் நிற்காமல் ஆடும். அதை நேராக்க டி.பி.சி. என்னும் கருவியும், வி.சி.ஆரின் ஹெட்டைச் சுத்தம் செய்யும் பொறுமையும் வேண்டும். ஒலியும் படமும் விலகுவதையும் செயலியின் தலையில் கட்டுகிறார்கள். ஒலியைச் சவுண்ட் கார்டு தன் கடிகாரத்தின்படியும், படத்தைக் கேப்சர் கார்டு தன் கடிகாரத்தின்படியும் எடுக்கின்றன. சவுண்ட் கார்டு நொடிக்கு 48,000 மாதிரிகள் என்று சொல்லிக்கொண்டு 48,010 எடுத்தால், ஒரு மணி நேரத்தில் முக்கால் விநாடி விலகிவிடும். செயலியை எவ்வளவு விரட்டினாலும் இந்த முக்கால் விநாடி குறையாது. விர்ச்சுவல்டப் என்னும் பதிவு மென்பொருளில் ஒலியைப் படத்தோடு ஒத்திசைக்கும் அமைப்பைச் சரியாக வைத்தால் குறையும்.

இனி ஓவர்கிளாக். பெரும்பாலான பழைய கணினிகளில் செயலியை மட்டும் தனியே வேகப்படுத்த முடிவதில்லை. கியூ6600இன் 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது 266 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைக் கடிகாரத்தின் 9 மடங்கு. அந்த 9ஐ உயர்த்த வழியில்லை. எனவே அடிப்படையை 333ஆக உயர்த்தி 3 கிகாஹெர்ட்ஸ் பெறுகிறோம். ஆனால் அந்த அடிப்படையில்தான் ராமின் (நினைவகத்தின்) வேகமும் தொங்குகிறது. ராமுக்கான விகிதத்தைக் குறைக்காமல் விட்டால், 800இல் ஓட வேண்டிய டி.டி.ஆர்.2 ராம் 1,000இல் ஓடும். இதற்கும் முந்தைய, பென்டியம் 3 காலத்து மதர்போர்டுகளில், கேப்சர் கார்டு போன்றவற்றைச் செருகும் பி.சி.ஐ. இணைப்பின் 33 மெகாஹெர்ட்ஸும் அதே கடிகாரத்திலிருந்து பின்னமாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அங்கே செயலியை விரட்டினால் கேப்சர் கார்டும் வன்தட்டுக் கட்டுப்பாட்டு அமைப்பும் சேர்ந்து ஓட வேண்டியிருந்தது. பின்னால் வந்த போர்டுகளில் பி.சி.ஐ. வேகத்தைத் தனியே பூட்டி வைக்கலாம். என்றாலும் கணினியின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பயாஸ் திரையில் அது "ஆட்டோ" என்று விடப்பட்டிருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

நான் செய்த பிழை ராமில். ராமின் விகிதத்தைக் குறைக்காமல் 333ஐப் போட்டேன், விண்டோஸ் திறந்தது, அரை மணி நேரம் சோதனை மென்பொருள் ஓடியது, அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன். ஒரு மார்கழி மாதத்தில், எங்கள் தெருவில் உள்ள ஒரு குடும்பத்தின் 1991ஆம் ஆண்டுத் திருமண கேசட்டை அந்த நிலையிலேயே பதிவு செய்தேன். மூன்று மணி நேரக் கேசட்டில் ஒரு ஃபிரேமும் விடுபடவில்லை என்று மென்பொருள் காட்டியது. கேசட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பொங்கல் கழிந்து அந்தக் கோப்பைச் சுருக்க உட்கார்ந்தபோதுதான், ஒன்பது இடங்களில் ஃபிரேமின் நடுவிலிருந்து கீழ்ப்பகுதி முழுவதும் பச்சையும் ஊதாவுமாகக் கிழிந்து கிடப்பதைக் கண்டேன். ஹஃப்யுவியில் ஒரு புள்ளியின் மதிப்பு அதற்கு முன்னுள்ள புள்ளியைச் சார்ந்து எழுதப்படுவதால், நடுவில் ஒரு பிட் புரண்டாலும் அந்த ஃபிரேமின் மீதிப் பகுதி முழுவதும் கெட்டுவிடும். அந்த ஒன்பதையும் பக்கத்து ஃபிரேமைப் படியெடுத்து ஒட்டி மறைத்துவிட்டேன். இவை தவிர இன்னோர் இடத்தில் கோப்பின் கட்டமைப்பே சிதைந்து, பதினொரு விநாடி திறக்கவே இல்லை. மணப்பெண்ணின் பாட்டி மேடையேறி அட்சதை போடும் இடம் அது. அந்த அம்மாள் அசைந்து நடமாடும் படம் அவர்களிடம் வேறெதுவும் இல்லை. கேசட்டை மறுபடி கேட்டுப் போனேன். "அதுதான் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதே, சார்" என்று போகியன்று பழைய பாயோடு சேர்த்துக் கொளுத்திவிட்டிருந்தார்கள். அன்றிரவு ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86ஐ ஓட விட்டேன். இரண்டாவது மணி நேரத்தில் பிழையைக் காட்டும் சிவப்பு வரிகள் வரத் தொடங்கின.

சுருக்கும் வேலையில் கதை வேறு. ஒன்றுவிட்டு ஒன்றாகப் பின்னிக்கிடக்கும் வரிகளைப் பிரித்துச் சீராக்கி, எச்.264 வடிவத்திற்குச் சுருக்கும் எக்ஸ்264 மென்பொருளில் நிதானமான அமைப்பில் சுருக்கினால், எட்டு மணி நேரம் ஆகிற கேசட் 3 கிகாஹெர்ட்ஸில் ஆறரை மணி நேரத்திற்குள் முடிகிறது. இரவில் போட்டுவிட்டுத் தூங்குகிறவனுக்கு எட்டும் ஆறரையும் ஒன்றுதான் என்பது வேறு விஷயம். அங்கே ஏதாவது தவறினால் பெரும்பாலும் மென்பொருள் நின்றுவிடும், அல்லது நீலத்திரை வரும். மூலக் கோப்பு பத்திரமாக இருப்பதால் காலையில் மறுபடி போட்டுக்கொள்ளலாம். எனக்கும் அப்படி நடந்தது. மார்கழியில் இரவு முழுக்க அசையாமல் ஓடிய அதே அமைப்பு, கத்திரி வெயிலில் மாடியறையில் நாற்பது நிமிடம் தாங்கவில்லை. விசிறி எவ்வளவு சுழன்றாலும் செயலியை அறையின் வெப்பத்திற்குக் கீழே இறக்க முடியாது. வேலூரின் மே மாதத்தில் அந்த அறையே அடுப்பு. போதாக்குறைக்கு நான் மின்னழுத்தத்தையும் 1.25 வோல்ட்டிலிருந்து 1.40க்கு ஏற்றியிருந்தேன். வெப்பம் வேகத்தோடு நேராகவும், மின்னழுத்தத்தோடு அதன் வர்க்கமாகவும் ஏறும். வேகம் கூடியது கால் பங்கு. வெப்பம் கூடியதோ பாதிக்கும் மேல். கணினிக்கு மின்சாரம் தரும், பத்தாண்டு தாண்டிய எஸ்.எம்.பி.எஸ்.ஸும், மதர்போர்டில் தலை உப்பத் தொடங்கிய மின்தேக்கிகளும் அந்தக் கூடுதல் சுமையை எத்தனை நாள் சுமக்கும்?

இப்போது பயாஸில் இரண்டு அமைப்புகளைச் சேமித்து வைத்திருக்கிறேன். கேசட் ஓடும்போது எல்லாமே தொழிற்சாலை வேகம். சுருக்கும்போது மட்டும் 333, ராம் 800ஐத் தாண்டாதபடி விகிதம் 5:6, மின்னழுத்தத்தை ஏற்றுவதில்லை, அது இல்லாமலே என் செயலி 3 கிகாஹெர்ட்ஸில் நிற்கிறது. நிற்காதவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொள்வதே மேல். செயலியின் வெப்பத்தைக் கடத்தும் பழைய தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவியதும், கேபினட்டின் தூசியை ஊதியதும் எந்த வோல்ட்டையும்விட அதிகம் உதவின. ராமை ஓர் இரவு முழுவதும், செயலியை உச்சி வெயில் நேரத்தில் சில மணி நேரமும் சோதித்த பிறகே வேலையில் இறங்குகிறேன்.

வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016ஆம் ஆண்டு ஜூலையோடு அதை நிறுத்திவிட்டது. கேசட்டும் இனி வராது, அதை ஓட்டும் பெட்டியும் இனி வராது. எனவே, கேசட்டைப் பதிவு செய்யும்போது ஓவர்கிளாக் கூடாது என்பதையும், கட்டுரையைப் படித்து ஏற்கெனவே பதிவு செய்துவிட்டவர்கள் கோப்பை முதலிலிருந்து கடைசிவரை ஒரு முறை ஓட்டிப் பார்க்கும்வரை கேசட்டை எறிய வேண்டாம் என்பதையும், அதே பக்கத்தில் ஒரு சிறு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
வேலூர்.