நண்பகல் மின்சாரத்தைக் கிணற்றடிக்குக் கொண்டுவாருங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஐயா,

வீட்டு மின்கட்டணம் பற்றியும் மாற்று எரிசக்தி பற்றியும் தங்கள் பத்திரிகையில் அண்மைக்காலமாக வெளிவரும் கடிதங்களைத் தவறாது வாசித்து வருகிறேன். சூரியசக்தியே வழி என்று ஒரு சாராரும், காற்றாலையே வழி என்று இன்னொரு சாராரும், இரண்டும் வேண்டாம், ஆளுக்கொரு மின்பிறப்பாக்கி போதும் என்று வேறு சிலரும் எழுதுகிறார்கள். ஆனால் மின்சாரம் எந்த நேரத்தில் மிஞ்சுகிறது, எந்த நேரத்தில் தட்டுப்படுகிறது என்பதை எவரும் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. யாழ்ப்பாணத்தைப் பொறுத்தவரை முதலில் பேசப்பட வேண்டியது அதுதான் என்பது என் உறுதியான கருத்து.

கட்டணம் ஏறிய கதையை நீட்டத் தேவையில்லை. 2022 ஓகஸ்ட் மாதத்தில் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் 66 சதவீதமும் மின்கட்டணம் உயர்ந்தது. பின்னர் சில தடவைகள் குறைக்கப்பட்டு, 2025 ஜூனில் மீண்டும் 15 சதவீதம் கூட்டப்பட்டது. 2021 ஒக்டோபருக்கு முன்னர் 1,493 ரூபாவுக்கு விற்ற 12.5 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர் 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவானது. இவற்றோடு சேர்ந்து குடும்பங்களின் வருமானம் ஏறவில்லை என்பதை எல்லோரும் அறிவோம்.

இந்தச் சுமை எங்கே அழுத்துகிறது என்பதற்கு எங்கள் ஒழுங்கையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. தையல் தொழில் செய்து இரண்டு பிள்ளைகளைப் படிப்பிக்கும் சகோதரி ஒருவர், மின்மானிப் பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில் சென்ற மாத வாசிப்பைத் தையல் சோக்கினால் எழுதி வைத்திருக்கிறார். மாதத்தின் கடைசி வாரத்தில் ஒவ்வொரு நாளும் அதைக் கழித்துப் பார்த்து, 57, 58 என்று வந்துவிட்டால் இயந்திரத்தின் மோட்டரைக் கழற்றிவிட்டுக் காலால் மிதித்தே தைக்கிறார். காரணம், மாதப் பாவனை 60 அலகைத் தாண்டியதும் முதல் அலகிலிருந்தே உயர்ந்த விலை கணக்கிடப்படுவதுடன் நிலையான கட்டணமும் ஏறிவிடுகிறது. 58 அலகுக்கும் 63 அலகுக்கும் இடையிலுள்ள அந்த ஐந்து அலகு, பட்டியலை இருமடங்குக்கு மேல் உயர்த்திவிடும். பாடசாலைச் சீருடைகளுக்கு ஆள் மேல் ஆளாக வரும் காலத்தில் அவர் உழைப்பதா, அலகை எண்ணுவதா?

அவர் இயந்திரத்தை ஓட்டுவது பெரும்பாலும் பட்டப்பகலில். அந்த நேரத்தில் நாட்டில் மின்சாரம் குறைவா என்று பார்த்தால், மிதமிஞ்சியே இருக்கிறது. 2025 ஏப்ரலில், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி 13ஆம் திகதியிலிருந்து 21ஆம் திகதி வரை, கூரைமேல் சூரியத் தகடு வைத்திருப்போர் பிற்பகல் 3 மணி வரை அவற்றை நிறுத்தி வைக்குமாறு இலங்கை மின்சார சபையே கேட்டுக்கொண்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் மூடிக்கிடக்கும் விடுமுறை நாட்களில் தேவை விழுந்துவிட, நண்பகல் வெயிலில் உற்பத்தி உச்சத்துக்குப் போவதால் வலையமைப்பின் சமநிலை குலைகிறது. பொழுதுபட்டதும் நிலைமை தலைகீழாகிறது. மாலை 6.30 முதல் இரவு 10.30 வரையான உச்ச நேரத்தில், விலை கூடிய எரிபொருளை எரித்தாவது மின்சாரம் பெற வேண்டியிருக்கிறது. ஒரு புறம் நல்ல மின்சாரத்தை நிறுத்தச் சொல்கிறோம், மறுபுறம் ஏழைத் தையற்காரியைப் பகலில் இயந்திரத்தை நிறுத்த வைக்கிறோம். இது எப்படி நியாயமாகும்?

2016ஆம் ஆண்டு தொடங்கிய கூரைமேல் சூரியசக்தித் திட்டத்தை நான் குறைகூறவில்லை. முதல் ஏழு ஆண்டுகளுக்கு அலகொன்றுக்கு 22 ரூபாவும், அடுத்த பதின்மூன்று ஆண்டுகளுக்கு 15.50 ரூபாவும் என்ற அன்றைய ஒப்பந்தமே நாட்டில் சூரியசக்தியைப் பரவச் செய்தது. ஆயினும் அதனால் பயன்பெற்றவர்கள் முதலீட்டுக்குப் பணமும், நிழல் விழாத நல்ல கூரையும், சொந்தப் பெயரில் உறுதியும் உள்ளவர்கள். வெளிநாட்டுப் பிள்ளைகளின் காசில் ஐந்து கிலோவாற்று பொருத்திய வீட்டுக்குப் பட்டியல் வருவதே இல்லை. பக்கத்து வாடகை வீட்டுக்காரருக்குக் குறைந்தது ஒன்றுமில்லை. சனசமூக நிலையங்கள், பாடசாலைகள், கூட்டுறவுச் சங்கக் கட்டடங்கள் ஆகியவற்றின் கூரைகளில் பொதுவாக அமைத்து, அந்த ஒழுங்கையின் குறைந்த வருமானக் குடும்பங்களின் பட்டியலில் பங்கு போட்டுக் கழிப்பதற்கு விதிகளில் இடம் கொடுக்க வேண்டும்.

இனிக் கிணற்றடிக்கு வருகிறேன், ஏனெனில் நண்பகல் மின்சாரத்துக்கு இங்கே இதைவிடப் பொருத்தமான பாவனை இல்லை. இணுவில், கோண்டாவில், நீர்வேலி, புன்னாலைக்கட்டுவன் என்று செம்பாட்டு மண் பரந்து கிடக்கும் ஊர்களில் வெங்காயமும் மரக்கறியும் வளர்வது கிணற்று நீரில். துலாவும் சூத்திரமும் போன பிறகு மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரமே இறைப்பைச் செய்து வந்தது. 2022 ஓகஸ்டில் ஒரே நாளில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு உயர்ந்தபோது, இறைக்கக் கட்டுப்படியாகாமல் தறைகளைப் பாதியாக்கிய தோட்டக்காரர்களை நான் அறிவேன். இரண்டு குதிரைவலு மோட்டருக்குச் சுமார் ஒன்றரைக் கிலோவாற்று மின்சாரம் போதும். வெயில் ஏறுகிற நேரத்திலேயே அது ஓட வேண்டும் என்றால், பயிருக்கு உச்சி வெயிலில் தண்ணீர் விடுவது நல்லதல்ல என்று தோட்டக்காரர் சொல்வார், அது சரி. அதற்குத்தான் தொட்டி இருக்கிறது. பத்து மணிக்கும் இரண்டு மணிக்கும் இடையில் கிணற்றடித் தொட்டியை நிரப்பி, வெயில் தாழ்ந்ததும் வாய்க்காலில் விடலாம். நிரம்பிய தொட்டி, விலைகூடிய மின்கலத்தின் வேலையைச் செலவின்றிச் செய்யும்.

இதில் ஓர் ஆபத்து உண்டென்பதை மறைக்கக் கூடாது. எண்ணெய்ச் செலவு இருக்கும்வரை தோட்டக்காரர் அளவோடு இறைப்பார். மின்சாரம் மலிந்தால் கை தாராளமாகிவிடும். யாழ்ப்பாணத்து நன்னீர் சுண்ணாம்புக்கல்லுக்குள் உவர்நீரின் மேல் மிதந்து நிற்கும் நீர். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும், ஏறிய உவர் இலகுவில் இறங்காது. ஆகவே மலிவு விலை மின்சாரம், தூவல் அல்லது சொட்டு நீர்ப்பாசனம் பொருத்திய தோட்டங்களுக்கே முதலில் கொடுக்கப்பட வேண்டும். இந்த நிபந்தனை இல்லாமல் நான் முன்வைக்கும் யோசனையை நானே எதிர்ப்பேன்.

வடமராட்சி கிழக்கில் தாளையடியில் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்ட கடல்நீர் சுத்திகரிப்பு நிலையத்தையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீர் தரவல்ல நிலையம் அது. ஒரு கன மீற்றருக்கு ஏறக்குறைய 3 அலகு என்று வைத்தாலும், முழுக் கொள்ளளவில் இயங்கும்போது நாளுக்கு 70,000 அலகுக்கு மேல் தேவைப்படும். அத்தகைய நிலையத்தை அடிக்கடி நிறுத்தி இயக்க முடியாது என்பது உண்மை; ஆயினும் நண்பகலில் உற்பத்தியைக் கூட்டி உச்ச நேரத்தில் குறைக்க இடமுண்டா என்று ஆராய வேண்டும்.

காற்றைப் பற்றி வாதிடுவோர் கூறுவதில் நியாயம் இருக்கிறது. வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை வீசும் சோளகம் என்ற தென்மேற்குக் காற்று பொழுதுபட்ட பின்னும் ஓய்வதில்லை. சூரியனால் முடியாத நேரத்தில் அது கைகொடுக்கும். மன்னாரில் 103.5 மெகாவாற்றுக் காற்றாலைத் தொகுதியும், எங்களுக்கு அண்மையில் பளையில் காற்றாலைகளும் இயங்குகின்றன. ஆனால் 2025இல் மன்னார் மக்கள் வீதிக்கு வந்து போராடியதை அபிவிருத்திக்கு எதிரான பிடிவாதம் என்று எழுதுவது தவறு. தங்கள் காணி, வெள்ளம் வடிந்தோடும் வழி, மீன்பிடி ஆகியவற்றைப் பற்றி அவர்கள் கேட்டவற்றுக்கு முதலில் விடை சொல்ல வேண்டும். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவற்றுக்கு இந்திய நன்கொடையில் அமைக்கவென 2024 மார்ச்சில் ஒப்பந்தமான கலப்புத் திட்டம் என் மனதுக்கு உகந்த அளவு: 1,700 கிலோவாற்று சூரியசக்தி, 530 கிலோவாற்று காற்று, 2,400 கிலோவாற்று மணிநேர மின்கலம், துணைக்கு மட்டும் டீசல். பகல், இரவு, சோளகம், மாரி எல்லாவற்றையும் எண்ணித் திட்டமிட்டால் இப்படித்தான் அமையும்.

மின்பிறப்பாக்கியே போதும் என்போருக்குச் சுன்னாகத்தில் எண்ணெயில் ஓடிய மின்நிலையத்தை நினைவூட்ட விரும்புகிறேன். வன்னியூடாக வந்த உயரழுத்த மின்வழி எங்களைத் தேசிய வலையமைப்புடன் இணைக்கும்வரை குடாநாடு எண்ணெய் எரித்துப் பெற்ற மின்சாரத்தில் இருந்தது. சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததும், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்த உத்தரவிட்டதும் அதன் முடிவு. ஆறில்லாத மண்ணில் கிணறு கெட்டால் போக்கிடம் ஏது?

விறகு பற்றி ஒரு சொல். கங்குமட்டையும் ஊமலும் சிரட்டையும் எங்கள் வளவுகளில் தாராளம், எரிவாயுச் செலவைக் குறைக்க அவை உதவும். ஆனால் பழைய மூன்று கல் அடுப்பில் அல்ல, விறகைக் குறைவாக எரிக்கும் அனகி என்ற மண் அடுப்பில், அதுவும் புகைபோக்கி உள்ள சமையலறையில். அம்மாமாரின் நெஞ்சைப் புகைக்குக் கொடுத்துச் சேமிக்கும் பணம் எனக்கு வேண்டாம்.

வீடுகள் தாமாகச் செய்யக்கூடியவை இருக்கின்றன: கிணற்று மோட்டரையும் துணி மினுக்கியையும் மாலையில் போடாமல் பகலில் போடலாம். ஆனால் சாதாரண மின்மானி நேரத்தைக் கணக்கெடுப்பதில்லை. பகலில் போட்டவருக்கு ஒரு ரூபாவும் குறையாது. விருப்பத்தின் பேரில் பெறக்கூடிய நேரவாரிக் கட்டணத்திலோ காலை 5.30 முதல் மாலை 6.30 வரை ஒரே விலையும், மிகக் குறைந்த விலை இரவு 10.30க்குப் பின்னருமாகவே வகுக்கப்பட்டிருக்கிறது. நண்பகலில் மின்சாரம் மிஞ்சாத காலத்துக்கு அது பொருந்தியது, இன்றைக்குப் பொருந்தாது.

ஆகவே பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு அடுத்த கட்டணத் திருத்தத்தின்போது காலை 10 மணி முதல் பிற்பகல் 2 மணி வரை தனியான குறைந்த விலையை நிர்ணயிக்க வேண்டும். 60 அலகு எல்லையை மெல்லிய படிகளாகப் பிரிக்க வேண்டும். அதற்கான மக்கள் கருத்தறியும் கூட்டத்தை யாழ்ப்பாணத்தில் தமிழில் நடத்தி, தோட்டக்காரர்களையும் வீட்டில் சிறுதொழில் செய்யும் பெண்களையும் பேச விட வேண்டும். நேரத்தைக் கணக்கெடுக்கும் மின்மானிகளை முதலில் தோட்டக் கிணறுகளுக்கும் 90 அலகுக்குக் குறைந்த வீடுகளுக்கும் இலவசமாகப் பொருத்தும்படி மின்விநியோகத்துக்குப் பொறுப்பானவர்களைக் கேட்கிறேன். மாரி ஓய்ந்து தை மாதத்தில் இறைப்புத் தொடங்கிவிடும். அதற்கு முன் ஒரு கமநல சேவைப் பிரிவிலாவது இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொக்குவில் கிழக்கு, யாழ்ப்பாணம்.