ஆலயத்தில் ஒரு புத்தக அலமாரி வேண்டி: சேகரக் குருவானவர்களுக்கும் சேகரக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான, நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் பல சபைகள் சேர்ந்த சேகரங்களின் குருவானவர்களுக்கும் சேகரக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

வரும் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தை வகுக்கும்போது, இறையியலையும் விசுவாச வாழ்வையும் பற்றிய தமிழ் நூல்களை வாங்குவதற்கும், சபையார் அவற்றைக் கூடி வாசிப்பதற்கும் ஒரு தொகையை ஒதுக்கித் தரவேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

வேதம் ஒன்றே போதாதா என்று சிலர் கேட்கக்கூடும். வேதத்தின்மேல் உள்ள பக்தியால் எழும் அக்கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால், மரணம் நெருங்கிவிட்டதை அறிந்து சிறையிலிருந்து எழுதிய அப்போஸ்தலர் பவுல், துரோவா பட்டணத்தில் விட்டுவந்த மேலங்கியோடு புஸ்தகங்களையும் தோற்சுருள்களையும் எடுத்துவரும்படி தன் உடன் ஊழியர் தீமோத்தேயுவைக் கேட்டுக்கொண்டார். ஏசாயா தீர்க்கதரிசியின் நூலை வாசித்துக்கொண்டே பயணம் செய்த எத்தியோப்பிய மந்திரியும், ஒருவர் விளக்காவிட்டால் தனக்கு எப்படிப் புரியும் என்றுதான் சுவிசேஷகர் பிலிப்புவிடம் கேட்டார். விளக்குவோர் துணையோடு வேதத்தை வாசிப்பது வேதத்தைக் குறைப்பதாகாது.

இதன் தேவை புத்தாண்டு ஆராதனையில் நன்றாகவே தெரிகிறது. ஆண்டு முழுவதற்குமான வாக்குறுதியாக ஒரு வசனத்தைத் தாங்கிவரும் வாக்குத்தத்த அட்டையில் எரேமியா 29:11 வந்தால், "தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற சொற்களை இவ்வாண்டில் கிடைக்கப்போகும் வேலைக்கும் வீட்டுக்குமான உறுதியாக எடுத்துக்கொள்கிறோம். அவ்வசனம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதப்பட்ட கடிதத்தில் உள்ளது என்பதும், விடுதலைக்கு 70 ஆண்டுகள் ஆகும் என்று அதற்கு முந்தின வசனமே சொல்கிறது என்பதும், அதுவரை அந்நிய மண்ணில் வீடு கட்டித் தோட்டம் போட்டு, சிறைப்படுத்தியவர்களின் நகரத்துக்காக ஜெபியுங்கள் என்று கர்த்தர் கட்டளையிட்டார் என்பதும் நம்மில் பலருக்குத் தெரியாது. டிசம்பர் வந்தும் வேலை கிடைக்காத இளைஞன் தன் விசுவாசத்தில்தான் குறை என்று தன்னையே நொந்துகொள்கிறான். நல்லதொரு விளக்கவுரையின் சில பக்கங்கள் அவனை அந்த வேதனையிலிருந்து காத்திருக்கும். காத்திருப்பதும் விசுவாசமே என்று அவனுக்குச் சொல்லியிருக்கும்.

ஜெபித்தும் குணமாகாத நோய், வரதட்சணை, கடன், முதிர்ந்த பெற்றோரின் பராமரிப்பு ஆகியவை எல்லா வீடுகளிலும் இருப்பவை. பிரசங்க நேரத்துக்குள் அடங்காதவை. சாதியைப் பற்றியோ நாம் வாய் திறப்பதே அரிது. சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன் 1833இல் தென்னிந்தியச் சபைகளுக்கு எழுதியதையும், அதற்கு எழுந்த எதிர்ப்பையும் நம் பிள்ளைகள் படித்தால், இன்று திருமணப் பேச்சில் முதலில் கேட்கப்படும் கேள்வி அவர்களை உறுத்தாமல் இருக்குமா?

நூல்கள் நமக்குப் புதியவை அல்ல. தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலே 1578இல் கொல்லத்தில் வெளிவந்த கிறிஸ்தவ மறைக்கல்வி நூல்தான். ஜான் பனியனின் மோட்சப் பயணக் கதையைத் தழுவி 1894இல் இரட்சணிய யாத்திரிகத்தைக் காவியமாகத் தந்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை நம் நெல்லைச் சீமையில் பிறந்தவர். அவருடைய வரிகளை ஆராதனையில் பாடுகிற நாம், அந்நூலைக் கையில் எடுத்துப் பார்ப்பதில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

பெரிய செலவு எதையும் நான் கேட்கவில்லை. ஆலயத்தில் ஓர் அலமாரியும், அதன் பொறுப்பை ஏற்க ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர் ஒருவரும் போதும். பிள்ளைகளுக்குப் பரிசாகத் தட்டும் டிபன் பாக்ஸும் வழங்குவதை விட்டுப் புத்தகம் வழங்கலாம். மாதம் ஒரு மாலை, எழுத்தறியாத முதியோரும் கேட்கும்படி ஓர் அதிகாரத்தை உரக்க வாசித்து, அனைவரும், குறிப்பாகப் பெண்கள் ஐக்கிய சங்கத்தார், தயக்கமின்றிக் கேள்வி கேட்க இடம் தரலாம். பதில் உடனே தெரியாத கேள்விகள் எழுந்தால் குருவானவர் சங்கடப்பட வேண்டியதில்லை. அடுத்த மாதம் வரை சேர்ந்தே தேடலாம். நூல்களைத் தெரிந்தெடுக்க, தமிழிலேயே இறையியல் கற்பிக்கும் மதுரை அரசரடி இறையியல் கல்லூரியின் ஆசிரியர்களிடம் ஆலோசனை கேட்கலாம்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலமான லெந்து நாட்களுக்கு முன்பே இது தொடங்கும்படி, அடுத்த சேகரக் குழுக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து விவாதிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சபை உறுப்பினர் ஒருவர்