நின்ற வண்டியைப் பற்றி உங்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். "போன தடவை நன்றாகத்தான் ஓடியது. அப்படியே நிறுத்தி வைத்திருந்தேன். இப்போது செல்ஃபே எடுக்கவில்லை." எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரும் போன்களில் பாதிக்கு மேல் இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. லாரியும் பஸ்ஸும் ஓடித் தேய்கிற வண்டிகள். உங்களுடையதுபோல, உள்ளேயே வீட்டு வசதியோடு இருக்கும் பெரிய டீசல் மோட்டார் ஹோமுக்கோ, நிற்கிற மாதங்கள்தான் எதிரி. அதனால்தான் நீங்கள் கூப்பிட்டதும், "எத்தனை நாள் நின்றது? பேட்டரி எத்தனை வோல்ட்? கடைசியாக எதைக் கழற்றினீர்கள்?" என்று கேட்கிறோம். சிலருக்கு அது தட்டிக்கழிப்பதுபோலத் தோன்றியிருக்கிறது. உண்மையில் உங்கள் செலவைக் குறைப்பது அந்த மூன்று பதில்கள்தான்.

வோல்ட்டிலிருந்து தொடங்குவோம். இன்ஜினுக்குத் தனி பேட்டரி, வீட்டுப் பகுதிக்குத் தனி பேட்டரி. வழக்கமான ஈய பேட்டரியில், சார்ஜரை எடுத்துச் சில மணி நேரம் விட்டு அளந்தால், 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நிறைந்திருக்கிறது என்று பொருள். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. உங்களுடையது 24 வோல்ட் வண்டி என்றால் இரட்டித்துக்கொள்ளுங்கள். வோல்ட் சரியாக இருந்தும் செல்ஃப் சோம்பலாகச் சுற்றினால் உடனே புது பேட்டரி வாங்காதீர்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும் மறு முனையை இன்ஜினின் வெறும் இரும்பிலும் வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அப்போது அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி எர்த் கேபிள், அதாவது பேட்டரியின் நெகட்டிவை வண்டியின் இரும்போடு இணைக்கும் கம்பி. பேட்டரிகள், செல்ஃப் மோட்டார் எல்லாம் மாற்றிய பிறகு எங்களிடம் வந்தார் ஒருவர். சேஸிஸில் எர்த் போல்ட் துருப்பிடித்திருந்தது. தேய்த்துச் சுத்தம் செய்து முறுக்கியதோடு வேலை முடிந்தது. அவர் முகத்தைப் பார்க்க எங்களுக்கே கஷ்டமாக இருந்தது.

டீசல் டேங்கைக் குறையாக வைத்து நிறுத்தாதீர்கள். மேலே காலியாக இருக்கும் இடத்தில் உள்ள காற்றின் ஈரம் குளிர்ந்து தண்ணீராக அடியில் தங்கும். அந்தத் தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுப்பாக, கொழகொழவென்று ஒன்று உருவாகும். அது ஃபில்டரை அடைத்தால் சமதளத்தில் ஓடுகிற வண்டி மேட்டில் திணறும். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரின் அடித் திருகைத் திறந்து அவ்வப்போது வடித்துவிடுங்கள். சரியான நம்பர் உள்ள ஃபில்டர் ஒன்று எப்போதும் வண்டியில் இருக்கட்டும்.

இன்ஜினும் ரேடியேட்டரும் பின்னால் உள்ள வண்டிக்காரர்கள் இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மேட்டில் சூடேறினால் எல்லோரும் ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட்டைத்தான் சந்தேகிக்கிறார்கள். பின்னால் நின்று பார்த்தால் ரேடியேட்டர் சுத்தமாகத் தெரியும். ஆனால் காற்று உள்ளே நுழைவது இன்ஜின் பக்கத்திலிருந்து. இன்ஜினின் மூச்சுக்குழாயிலிருந்து வரும் எண்ணெய்ப் புகையை ஃபேன் இழுத்து, ரேடியேட்டருக்கு முன்னால் உள்ள ஏர் கூலரின் (டர்போவிலிருந்து இன்ஜினுக்குப் போகும் காற்றைக் குளிர்விப்பது) முகத்தில் பூசுகிறது. அதன்மேல் சாலைத் தூசி படிந்து கம்பளம்போல் ஆகிவிடும். கட்டிலுக்கு அடியில் உள்ள மூடியைத் திறந்து டார்ச் அடித்தால்தான் தெரியும். இன்ஜின் ஆறிய பிறகு, அலுமினியத்தை அரிக்காத டிக்ரீஸரைத் தெளித்து ஊறவிட்டு, சாதாரணக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். பிரஷர் வாஷர் வேண்டவே வேண்டாம், தகடுகள் மடிந்துவிடும். இன்ஜின் ஆயிலை அளவுக்கு மேல் ஊற்றினாலும் அந்தப் புகை கூடும். வழியில் சூடேறினால் ஒரு கியர் குறைத்து, ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்துங்கள். இன்ஜின் வேகமாகச் சுற்றினால் ஃபேனும் வாட்டர் பம்பும் கூடுதலாக வேலை செய்யும்.

ஏர் பிரேக்கில் ஒரு சோதனை. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காற்றை முழுதாக ஏற்றி, இன்ஜினை நிறுத்தி, பார்க்கிங் பிரேக்கை விடுவியுங்கள். ஒரு நிமிடத்தில் 2 பி.எஸ்.ஐ.க்கு மேல் இறங்கினால் எங்கோ கசிகிறது. ஏர் டேங்கை வடிக்கும்போது தண்ணீர் வந்தால், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரின் கார்ட்ரிட்ஜ் மாற்ற வேண்டிய நேரம். அப்புறம், கெஞ்சிக் கேட்கிறோம்: ஏர் பேக் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக உள்ள காற்றுப் பை) மட்டும் தாங்கி நிற்கும் வண்டிக்கு அடியில் யாரும் நுழையாதீர்கள். காற்று போனால் பல டன் எடை சட்டென்று இறங்கும், விலக நேரம் இருக்காது. இரும்பு ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் எங்கள் ஆட்களே நுழைவார்கள்.

டயரில் பட்டன் (தரையில் பதியும் ரப்பர் கட்டைகள்) நிறைய இருக்கிறது என்று நிம்மதியடைய வேண்டாம். பக்கச் சுவரில் உள்ள கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்தது. ஐந்து வயதுக்கு மேல் ஆண்டுக்கொரு முறை கழற்றிப் பரிசோதிக்க வேண்டும். பத்து வயதானால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் மாற்றிவிடச் சொல்வோம்.

நிறுத்தி வைத்த வண்டியைப் பத்து நிமிடம் ஸ்டார்ட் செய்துவிட்டு அணைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். இன்ஜின் சூடாகாமலே ஈரம் ஆயிலில் தங்கும். மாதம் ஒரு முறை அரை மணி நேரமாவது சாலையில் ஓட்டுவதே நல்லது. ஜெனரேட்டரையும் ஏசி போன்ற சுமையோடு மணிக்கணக்கில் ஓடவிடுங்கள், சும்மா ஓடவிட்டால் கரி பிடிக்கும்.

அடுத்த முறை வரும்போது ஒரு நோட்டில் இவற்றையெல்லாம் தேதியோடு குறித்துக்கொண்டு வாருங்கள். நோட்டு இல்லாவிட்டால் போனில் எடுத்த படங்கள் போதும். அதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுப்போம்.

அன்புடன்,
உங்கள் ஒர்க்‌ஷாப் நண்பர்கள்