கூண்டுப் படம் பார்த்தோம்

பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய கோழிக்கூண்டுப் படத்தை அப்பாவும் நானும் பார்த்தோம். ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, அளவெல்லாம் ஓரத்தில் எழுதி, பள்ளிக்கூடத்தில் ரெக்கார்டு நோட்டு போட்ட அதே கை. அப்பா எதிர்வீட்டுக்காரர் வரைக்கும் காட்டிவிட்டார். படம் போட்டு அனுப்ப நேரம் இருக்கிறது, ஒரு போன் பண்ண நேரம் இல்லை, அது வேறு விஷயம்.

சரி, கூண்டுக்கு வருகிறேன். 6 அடிக்கு 4 அடி என்றால் 24 சதுர அடி. அதில் 10 கோழி என்று எழுதியிருக்கிறாய். ஒரு கோழிக்கு உள்ளே 4 சதுர அடியாவது வேண்டும், அப்படிப் பார்த்தால் 6தான். நெருக்கி அடைத்தால் ஒன்றையொன்று கொத்தும், இறகைப் பிடுங்கும், ரத்தம் கண்டுவிட்டால் அப்புறம் விடவே விடாது. வெளியே மேய்கிற கம்பி அடைப்பு கோழிக்கு 10 சதுர அடி வீதம் 60 வேண்டும். அதில் ஒரு மூலை நனையாமல் இருக்கட்டும், மண்குளியல் இல்லாவிட்டால் பேன் பிடித்துவிடும்.

முட்டைப்பெட்டி 6 எதற்கு? 1 அடிக்கு 1 அடியில் 2 போதும். எத்தனை வைத்தாலும் எல்லாம் ஒரே பெட்டிக்குத்தான் அடித்துக்கொள்ளும். உள்ளே ஒன்று உட்கார்ந்திருக்கும், வெளியே இன்னொன்று கத்திக்கொண்டு நிற்கும். ஆனால் நீ பெட்டியை மேலேயும் உட்காருகிற கட்டையைக் கீழேயும் போட்டிருக்கிறாயே, அது தப்பு. கோழி இருப்பதிலேயே உயரமான இடத்தில்தான் போய்த் தூங்கும். ராத்திரி முழுக்கப் பெட்டியில் எச்சம் போட்டுவிட்டு, காலையில் அதன் மேலேயே முட்டை இடும். கட்டை மேலே, பெட்டி கீழே. முனை மழித்த 2 அங்குலச் சட்டம், சுவரிலிருந்து 1 அடி தள்ளி, எல்லாக் கட்டையும் ஒரே உயரம். ஒன்று மேலே ஒன்று கீழே என்று வைத்தால் மேல் கட்டைக்குத் தினமும் சண்டை. ஒரு கோழிக்கு 10 அங்குலம் என்று கணக்குப் போட்டுக்கொள்.

அப்புறம் காற்று. கட்டையில் உட்கார்ந்திருக்கும் கோழியின் தலைக்கு மேலே, கூரைக்குக் கீழே, இரண்டு பக்கமும் வழி விடு. கோழி மேல் நேராக வீசக்கூடாது, உள்ளே தேங்கவும் கூடாது. குளிருகிறதே என்று அடைத்துவிடாதே, ஈரமும் எச்சத்தின் அம்மோனியாவும் உள்ளேயே நின்றால்தான் மூச்சுக்கோளாறு வரும். காலையில் திறந்து உள்ளே தலையை விடும்போது உனக்குக் கண் எரிந்தால் காற்று போதவில்லை என்று தெரிந்துகொள்.

தலையை விடும்போது என்றதும்தான் கேட்கத் தோன்றுகிறது. கதவு உயரம் 5 அடி 3 அங்குலம் போட்டிருக்கிறாய். உனக்குச் சரி. மாப்பிள்ளை எப்படி நுழைவார்? நம் சமையலறை நிலையிலேயே இடித்துக்கொள்கிறவர் ஆயிற்றே. 6 அடிக்கு மேலே வை. படத்தை அவரிடம் காட்டினாயா?

மூலைக் கால் நாலும் நடும்போது ஒருவர் பிடிக்க வேண்டும், ஒருவர் மட்டம் பார்க்க வேண்டும். தனி ஆள் வேலை இல்லை. கம்பிவலையைச் சுற்றிலும் 1 அடி மண்ணுக்குள் இறக்க வேண்டும், நாயும் கீரியும் தோண்டித்தான் வரும். அதற்குக் குழி வெட்டவும் ஆள் வேண்டும். கதவுக்குக் கொக்கி மட்டும் போடாதே, நாய் மூக்கால் தள்ளித் திறந்துவிடும். தாழ்ப்பாள் போட்டு அதில் ஒரு கிளிப்பும் மாட்டு. பொழுது சாயும்போது கோழிகள் தாமாகவே ஏறிவிடும், ஆனால் கதவை யாராவது அடைக்க வேண்டுமே. நீ ஆபீஸ் விட்டு வர 8 மணி ஆகிறது என்றாய். அதுவரைக்கும் யார் அடைப்பார்கள்? ஒரு நாள் மறந்தாலும் போதும், காலையில் வெறும் இறகுதான் கிடக்கும்.

அப்பா பிறந்தநாளுக்கு நீ பேசினாய், மாப்பிள்ளை பேசவில்லை. வெளியே போயிருக்கிறார் என்றாய். அதற்கு முந்தின தடவையும் வெளியேதான் போயிருந்தார். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ கெட்டிக்காரி, சின்னதிலிருந்தே உன் வேலையை நீயே பார்த்துக்கொள்கிறவள், அதில் எனக்குப் பெருமைதான். அதற்காக ஒன்றையுமே சொல்லாமல் கோழிக்கூண்டுப் படம் அனுப்புவாயா? கதவு உயரத்தை மாற்று. அல்லது மாற்ற வேண்டாம் என்றால் அதையாவது சொல்.

அக்கா பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது, அப்பா முழங்கால் தேவலை, மற்றதெல்லாம் நேரில். கால் நடும் வேலையை ஆரம்பித்துவிடாதே, நாங்கள் இரண்டு பேரும் வருகிறோம். சட்டத்தை நான் பிடித்துக்கொள்கிறேன், அப்பா மட்டம் பார்ப்பார். மாப்பிள்ளை இருந்தால் குழி வெட்டட்டும், இல்லாவிட்டால் கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளலாம். எந்த வாரம் தோதுப்படும் என்று எழுது. அதற்குள் கடைக்குப் போய் வலை வாங்கிவிடாதே. கோழிவலை என்று அறுகோணக் கண் வலையைக் கொடுப்பார்கள், அது கோழியை உள்ளே வைக்குமே தவிர எதையும் வெளியே நிறுத்தாது. கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த அரை அங்குலக் கண் வலை, அந்த வெல்டு மெஷ்தான் வேண்டும், வந்ததும் சேர்ந்து போய் வாங்கலாம்.

அம்மா