பாறை இரண்டடியில், போகஸ் நாலடியில்

கடலூர்

அன்பு பாப்பா,

நீ நார்வேயின் லொஃபோட்டன் தீவுகளில் எடுத்து அனுப்பிய படத்தை 12க்கு 18 அங்குல அளவில் பிரிண்ட் போட்டு, ஜன்னலோரம் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மலைமேல் படிந்த பனி வரி வரியாகத் தெரிகிறது. ஆனால் உன் காலடியில் கிடக்கும் பாறையும் அதில் ஒட்டிய பாசியும் மெழுகாய் இளகிப் போயிருக்கின்றன. போனில் பார்த்தபோது எனக்கும் தெரியவில்லை.

படத்தின் விவரத்தைப் பார்த்தேன். லென்ஸ் 16 எம்எம், ஒளி நுழையும் துளை எஃப் 8. போகஸை மலையில் வைத்திருக்கிறாய். வைட் லென்ஸ்தானே, எல்லாம் தெளிவாக வந்துவிடும் என்று தோன்றும். பாறை இரண்டடிக்குள் வந்துவிட்டால் வராது.

எனக்கும் இதே நடந்தது. தேவனாம்பட்டினம் கடற்கரையில், விடியும் நேரம், என் பழைய 24 எம்எம்மில் சூரியன் எழும் கோட்டுக்கு போகஸ் வைத்தேன். முன்னால் மணலில் கிடந்த படகுக் கயிறு, அதன் ஈர முடிச்சு, அதற்காகத்தான் குனிந்தே எடுத்தேன். ரோலைக் கழுவிப் பார்த்தால் முடிச்சு இருந்த இடத்தில் வெறும் கறை. அன்றைக்கு முழுக்கச் சாப்பாடு இறங்கவில்லை.

இனி இப்படிச் செய். படத்தில் மிகக் கிட்டே எது தெளிவாக வேண்டுமோ, அதன் தூரத்தைக் கண்ணால் அளந்துகொள். அதைப்போல் இரண்டு மடங்கு தூரத்தில் போகஸ் வை. பாறை இரண்டடி என்றால் நாலடி. அப்போது பாறைக்கும் மலைக்கும் மங்கல் சரிசமமாகப் பங்காகும். துளையை இன்னும் சிறிதாக்கி எஃப் 11 வைத்தால் அந்த மங்கல் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். போகஸை மேனுவலில் போட்டு, கேமரா திரையில் லைவ் வியூவில் பெரிதாக்கி, முதலில் பாறையைப் பார், அப்புறம் மலையைப் பார்.

பயந்துபோய் 22 வரை மூடாதே. துளை அவ்வளவு சிறிதானால் ஒளி விளிம்பில் வளைந்து பரவி, படம் மொத்தமும் மழுங்கும். பாறைக்கு இன்னும் கிட்டே போக ஆசை வந்தால், ஸ்டாண்டை அசைக்காமல் போகஸைக் கிட்டே வைத்து ஒன்று, தூரத்தில் வைத்து ஒன்று என்று இரண்டு படம் எடுத்துச் சேர்த்துவிடு.

என் 24 எம்எம்மில் தூரமும், எந்த எஃப்பில் எங்கிருந்து எங்குவரை தெளிவாக வரும் என்று காட்டும் கோடுகளும் பொறித்திருக்கும். சின்ன பிரிண்டை நினைத்துப் போட்ட தாராளமான கோடுகள் அவை. அதனால் 11 வைத்தாலும் 8க்கான கோட்டைப் பார்த்துத்தான் தூரத்தைத் திருப்புவேன். உன் புது லென்ஸில் அந்தக் கோடுகள் இல்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

அந்தப் பாறைக்கு மறுபடி போவாய் அல்லவா? போனால் நாலடியில் வைத்து ஒன்று எடுத்து அனுப்பு. பிரேம் வாங்கி வைத்துவிட்டேன்.

அப்பா