பரோசாவிலிருந்து ஐந்து பாட்டில்

அடிலெய்ட்

அன்புள்ள சேகர்,

அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று உன் கடிதத்தில் படித்ததும்தான் நிம்மதி. இங்கே பெரியவள் வேலை கிடைத்து மெல்பர்ன் போய்விட்டாள். வீடு ரொம்ப அமைதியாகிவிட்டதால் சனிக்கிழமைகளில் நானும் விமலாவும் ஒயின் தோட்டங்கள் நிறைந்த பரோசா பள்ளத்தாக்குப் பக்கம் கிளம்பிவிடுகிறோம். காரில் ஒரு மணி நேரம்தான்.

டிசம்பரில் நண்பர்கள் ஆறு பேர் உன் வீட்டில் கூடி வெயில் பிரதேச ஒயின்களை ருசி பார்க்கப் போவதாக எழுதியிருக்கிறாய். ஸ்பெயினில் ஒன்று, அர்ஜென்டினாவில் ஒன்று, இங்கிருந்து ஒன்று என்று நீ போட்ட பட்டியலை விட்டுவிடு. நாடு, மண், பழம் எல்லாமே மாறினால் எந்த ருசி எதனால் வந்தது என்று நாக்குக்குப் பிடிபடாது. ஒரே இடத்திலிருந்து, பரோசாவிலிருந்தே, ஐந்து பாட்டில் வாங்கு. சிங்கப்பூரில் வரியோடு விற்கிற விலைக்கு ஐந்தே தாராளம்.

வெயில் ஏற ஏறத் திராட்சையில் சர்க்கரை கூடும், புளிப்பு குறையும். அந்தச் சர்க்கரைதான் நொதித்து ஆல்கஹாலாகிறது. அதனால் ஷிராஸ் என்ற கறுப்புத் திராட்சையில் செய்த பரோசா சிவப்பு ஒயினின் லேபிளில் 14.5, 15 சதவீதம் என்று சாதாரணமாகப் பார்ப்பாய். இதை வைத்துத்தான் வெயில் ஊர் ஒயின் எல்லாமே ஜாம் மாதிரி கனமாக இருக்கும் என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் அதை ஏற்க மாட்டேன். அந்த வெயிலை ஒவ்வொரு தோட்டத்திலும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று பார்ப்பதில்தான் எனக்கு ஆசை.

முதல் பாட்டில் ஈடன் வேலி ரீஸ்லிங், வெள்ளை ஒயின். ஈடன் வேலியும் பரோசாவைச் சேர்ந்ததுதான், ஆனால் மேட்டில், 400, 500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இரவில் குளிர் இறங்குவதால் புளிப்பு தங்குகிறது. எலுமிச்சைச் சாறு போலச் சுரீரென்று இருக்கும். விலையும் அதிகமில்லை.

அடுத்து பழைய கொடியில் விளைந்த கிரெனாஷ் என்ற சிவப்பு ஒயின். ஐந்தில் எனக்குப் பிரியமானது இதுதான். 1840-களில் சைலீசியாவிலிருந்து வந்த லூத்தரன் ஜெர்மானியக் குடும்பங்கள் அங்கே கொடி நட்டார்கள். அப்புறம் ஃபிலாக்ஸெரா என்ற பூச்சி ஐரோப்பாவின் தோட்டங்களை வேரோடு தின்று தீர்த்தது. தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் அது இன்றுவரை நுழையவில்லை. அதனால் லாங்மைல் தோட்டத்தில் 1843-இல் நட்ட ஷிராஸ் கொடிகள், வேறு வேரில் ஒட்டுப்போடாமல், சொந்த வேரிலேயே இன்னும் காய்க்கின்றன. தோட்டத்துக்குள் கால் வைக்காதீர்கள் என்று சாலையோரம் பலகை இருக்கும். செருப்பில் ஒட்டிய மண்ணோடு பூச்சி வந்துவிடலாம். நாங்கள் வேலிக்கு வெளியே நின்றுதான் அந்த முறுக்கேறிய அடிமரங்களைப் பார்ப்போம்.

அந்தக் கொடிகளையும் மனிதர்களே அழிக்கப் பார்த்தார்கள் என்பதுதான் வருத்தம். 1980-களில் திராட்சை விலை போகாதபோது, கொடியைப் பிடுங்கினால் பணம் என்று அரசே கொடுத்தது. பழைய கொடிகள் எத்தனையோ அப்படிப் போயின. இப்போது அவற்றுக்கு வயதுவாரியாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். 35 ஆண்டு தாண்டினால் ஓல்ட், 70 தாண்டினால் சர்வைவர், 100 தாண்டினால் சென்டினேரியன், 125 தாண்டினால் ஆன்செஸ்டர். இந்தச் சொற்களை லேபிளில் தேடு. கிரெனாஷ் நிறத்தில் வெளிறியிருந்தாலும் வாசனை நிறைந்தது. ஷிராஸைவிட மென்மையானது.

மூன்றாவதும் நான்காவதும் ஷிராஸ். பள்ளத்தாக்கின் அடியில் விளைந்தது ஒன்று, ஈடன் வேலியில் விளைந்தது ஒன்று, இரண்டும் ஒரே ஆண்டு. காகிதப் பையில் சுற்றி, எது எது என்று சொல்லாமல் ஊற்று. கீழேயுள்ளது கறுத்த பழமும் சாக்லேட்டுமாகக் கனக்கும். மேலேயுள்ளதில் மிளகு வாசம் தெரியும். உன் நண்பர்கள் அதைத் தாங்களே கண்டுபிடிக்கட்டும். கடைசியாக ஒரு டானி, பீப்பாயில் பல வருடம் ஊறிய இனிப்பு ஒயின்.

ஒரு விஷயத்தை மறந்துவிடாதே. சிவப்பு ஒயினை அறை வெப்பத்தில் குடிக்கலாம் என்பது குளிர் நாட்டு அறைக்குச் சொன்னது. இங்கே ஒரு பிப்ரவரியில், 38 டிகிரி வெயில் நாளில், நல்ல ஷிராஸை அப்படியே ஊற்றினோம். ஆல்கஹால் நெடி தவிர ஒன்றும் தெரியவில்லை. உன் வீட்டில் சிவப்பையும் அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு எடு. ஆளுக்கு 50 மில்லி ஊற்று. பாட்டிலில் பாதிக்குமேல் மிஞ்சும், அது சாப்பாட்டோடு ஆகட்டும். காரமான மீன் குழம்புக்கு ரீஸ்லிங்கை வை. ஆல்கஹால் கூடக் கூடக் காரம் எரியும், அதனால் ஷிராஸைக் காரமில்லாத ஆட்டுக்கறிக்கு வைத்துக்கொள்.

டானி என்றதும் நினைவு வருகிறது. பரோசாவில் செப்பெல்ட்ஸ்ஃபீல்ட் என்ற ஒயின் ஆலையில் 1878 தொடங்கி ஒரு வருடம் விடாமல் டானிப் பீப்பாய் ஒதுக்கி வைத்து, நூறாண்டு கழித்துத்தான் பாட்டிலில் அடைக்கிறார்கள். முன்பதிவு செய்தால், நாம் பிறந்த வருடத்துப் பீப்பாயிலிருந்து கொஞ்சம் எடுத்துத் தருவார்கள். நீயும் நானும் ஒரே வருடம். நான் இன்னும் போகவில்லை. அறுவடை நேரத்தில், மார்ச்சில் வா, சேர்ந்தே போகலாம். தேதியை எழுது, விமலா அறையைத் தயார் செய்துவிடுவாள்.

அன்புடன்,
ரகு