அந்த மழையில் நாமும்தான் நனைகிறோம்

அன்புள்ள மகளே,

நேற்று போனில் நீ கேட்டதற்கு எனக்கு உடனே பதில் வரவில்லை. நான் செய்த வேலையைத் தான் செய்ததாகக் காட்டிப் பதவி உயர்வு வாங்கியவர் நிம்மதியாகத் தூங்குகிறார், நான் ஜெபம் பண்ணிக்கொண்டு அழுதுகொண்டிருக்கிறேன், இதில் எதற்கப்பா ஸ்தோத்திரம் சொல்லச் சொல்கிறீர்கள் என்று கேட்டாய். ராத்திரி முழுக்க அதுவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் ஒன்று. உன் கோபம் நியாயமானது. நடந்ததைத் தேதி போட்டு எழுதி மேலதிகாரியிடம் கொடு. தேவன் இரக்கமுள்ளவர் என்பதற்காக நாம் அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடி உட்கார வேண்டும் என்று வேதத்தில் எங்கேயும் இல்லை. சங்கீதங்களில் எத்தனையோ "எதுவரைக்கும் கர்த்தாவே" என்கிற மாதிரியான முறையீடுகள்தானே. சரி, அது ஒரு பக்கம்.

நீ கேட்டதன் அடியில் இருப்பது வேறு கேள்வி என்று எனக்குப் படுகிறது. தப்பு செய்தவனுக்கும் ஏன் நல்லது நடக்கிறது? இதை இயேசு சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: பிதா தீயோர்மேலும் நல்லோர்மேலும் சூரியனை உதிக்கப்பண்ணுகிறார், நீதியுள்ளவர்கள்மேலும் அநீதியுள்ளவர்கள்மேலும் மழையைப் பெய்யப்பண்ணுகிறார். மத்தேயு ஐந்தாம் அதிகாரம். இந்த வசனத்தை வாசிக்கும்போது நாம் எப்போதும் நம்மை நல்லோர் வரிசையில் வைத்துக்கொண்டுதான் வாசிக்கிறோம். கொஞ்சம் நகர்ந்து நின்று பாரம்மா. சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது சூரியன், அங்கிருந்து கிளம்பும் வெளிச்சம் எட்டு நிமிடத்துக்குச் சற்றே அதிகமாகப் பயணம் பண்ணி வந்து ஒரு இலைமேல் விழுகிறது, அந்த இலை தண்ணீரையும் நாம் வெளியே விட்ட கரியமில வாயுவையும் எடுத்துத் தனக்கு உணவு சமைத்துக்கொண்டு, நமக்குப் பிராணவாயுவை விடுகிறது. நீ இப்போது இழுத்த மூச்சு அப்படி வந்தது. அதற்கு நீயும் நானும் என்ன கொடுத்தோம்? எந்த யோக்கியதையைக் காட்டி வாங்கினோம்? அந்த மனிதருக்கும் அதே மூச்சுதான், அதே கணக்கில்தான்.

யோனாவை நாம் சிறுபிள்ளைகளுக்கு மீன் கதையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம், எனக்கு அதில் வருத்தம் உண்டு. அந்தப் புத்தகத்தின் உயிர் நாலாவது அதிகாரத்தில் இருக்கிறது. தேவன் யோனா தீர்க்கதரிசியைப் போய் எச்சரிக்கச் சொன்ன நினிவே, அசீரியரின் நகரம்; அங்கே போக மனமில்லாமல் அவர் முதலில் ஓடிப்போனார். கொடுமைக்குப் பேர்போன அந்த அசீரியாதான் கி.மு. 722 வாக்கில் இஸ்ரவேலின் வடக்கு ராஜ்யத்தையே இல்லாமல் பண்ணியது. அப்படிப்பட்ட ஊர் மனந்திரும்புகிறது, தேவன் தண்டனையை நிறுத்திவிடுகிறார், யோனாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. அவர் என்ன சொல்லிச் சண்டை போடுகிறார் தெரியுமா? நீர் இரக்கமும் மன உருக்கமும் நீடிய சாந்தமும் மிகுந்த கிருபையும் உள்ளவர் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் முன்னமே ஓடிப்போனேன் என்கிறார்! நாம் ஆலயத்தில் கை தூக்கித் துதிக்கிற அதே வார்த்தைகள், அவர் வாயில் குற்றச்சாட்டாக வருகின்றன. உன் நேற்றைய குரலில் நான் கேட்டதும் கிட்டத்தட்ட அதுதான்.

தேவன் அவரை அதட்டவில்லை. ஒரு ஆமணக்குச் செடியை முளைக்கப்பண்ணி நிழல் கொடுக்கிறார், மறுநாள் கிழக்கு வெளுக்கும்போது ஒரு பூச்சி அதை அரித்துவிடுகிறது, செடி காய்ந்துபோகிறது, வெயில் தலையில் சுள்ளென்று அடிக்கிறது. நீ நட்டு வளர்க்காத ஒரு செடிக்காக இவ்வளவு பரிதபிக்கிறாயே, லட்சத்து இருபதினாயிரம் பேருக்கும் அதிகமான மனிதரும் அநேக மிருகஜீவன்களும் இருக்கிற நகரத்துக்காக நான் பரிதபிக்காமல் இருப்பேனோ என்று கேட்கிறார். அந்தக் கேள்வியோடு புத்தகமே முடிந்துவிடுகிறது, யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதப்படவில்லை. ஆடு மாடுகளைக்கூடக் கணக்கில் சேர்த்துக்கொண்ட அந்தக் கடைசி வார்த்தையைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். படைத்தவருக்குத்தானே அந்தத் தவிப்பு வரும்.

அம்மாவுக்கு ஆபரேஷன் ஆன அன்று ராத்திரி நடந்ததை உன்னிடம் சொல்லியிருக்கிறேனோ இல்லையோ. தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள், அவள் உதடு வறண்டு வெடித்திருந்தது. பக்கத்துப் படுக்கையில் தன் மகனுக்குத் துணையாக இருந்த ஒரு அம்மா, நம் விசுவாசத்தைச் சேர்ந்தவர் இல்லை, நர்ஸிடம் கேட்டுக்கொண்டு வந்து பஞ்சை நனைத்துப் பிழிந்து உதட்டோரம் மெதுவாக ஒற்றி எடுத்தார். திரும்பத் திரும்ப, விடியும்வரை. நடுவில் தன் மகன் முனகினால் ஓடுவார், திரும்பி வருவார். நான் அன்றைக்குக் கேட்டிருந்த இரக்கம் அந்த அம்மாவின் விரல்கள் வழியாக வந்தது. லீஸ்திரா என்ற ஊரில் உண்மையான தேவனை அறியாத ஜனங்களிடம் அப்போஸ்தலர் பவுல் சொன்னாரே, வானத்திலிருந்து மழையும் செழிப்பான காலங்களும் தந்து, ஆகாரத்தாலும் சந்தோஷத்தாலும் நம் இருதயங்களை நிரப்பி, தம்மைக் குறித்த சாட்சி இல்லாமல் அவர் விட்டதில்லை என்று. அது எவ்வளவு பெரிய உண்மை என்று அந்த வார்டில் எனக்கு விளங்கியது.

அழுதுகொண்டே ஸ்தோத்திரம் சொன்னால் பொய்யாகாதா என்றும் கேட்டாய். ஆகாது. அவருடைய இரக்கங்கள் காலைதோறும் புதியவை என்று நாம் பாடுகிறோமே, அது வேதத்தில் புலம்பல் என்ற புத்தகத்தில் இருக்கிறது, எருசலேம் இடிந்து எரிந்த பிறகு எழுந்த அழுகைக்கு நடுவில். அதற்கு முன்னும் பின்னும் கண்ணீர்தான்.

அந்த மனிதரை இன்றைக்கே மன்னித்துவிடு என்று நான் சொல்லப்போவதில்லை, அதற்கு நாளாகும். உன் மூச்சுக்காக நன்றி சொல்லும்போது, முடிந்தால் அந்த மனிதருக்கும் அதைக் கொடுத்திருக்கிறவர் நீர் என்று சேர்த்துச் சொல்லிப் பார். வாய் வரவில்லையென்றால் அதையும் தேவனிடமே சொல், யோனா சொன்ன மாதிரி.

அப்புறம், 136ஆம் சங்கீதத்தை ஒருமுறை சத்தமாக வாசி. 26 வசனங்கள், ஒவ்வொன்றும் அவர் கிருபை என்றுமுள்ளது என்றுதான் முடியும். வானம், பூமி, சூரியன், சந்திரன் என்று போய், சிவந்த சமுத்திரம் தாண்டி, கடைசிக்கு முந்தின வசனத்தில் மாம்சதேகமுள்ள யாவுக்கும் ஆகாரம் கொடுக்கிறவர் என்று வந்து நிற்கும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து கூப்பிடுகிறேன், புகார் எழுதிக் கொடுத்தாயா என்றும் கேட்பேன். அம்மா உனக்கு முத்தம் சொல்லச் சொன்னாள்.

ஜெபத்துடன்,
அப்பா